கார் இன்ஜின் வழக்கத்தைவிடச் சூடாக ஓடுகிறதா? எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது

கத்திரி வெயில் ஆரம்பித்துவிட்டால் சென்னையில் எங்கள் அடுக்குமாடி பார்க்கிங்கில் யாராவது ஒருவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "கொதிக்கல, ஆனா முள்ளு எப்பவும் நிக்கிற இடத்தைத் தாண்டுது." அடுத்த வாரம் பார்த்தால் தெர்மோஸ்டாட்டை (சூடேறியதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு; கூலன்ட் என்பது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கழற்றியிருப்பார்கள், இல்லையென்றால் புது ரேடியேட்டரே போட்டிருப்பார்கள். முள் மட்டும் பழையபடி ஏறும்.

என் வண்டியிலும் மற்றவர்கள் வண்டியிலும் இதைப் பலமுறை துரத்திப் பிடித்த பிறகு எனக்கென்று ஒரு வரிசை உருவாகியிருக்கிறது. காசு செலவாகாத சோதனைகள் முதலில், கழற்றி மாட்டும் வேலைகள் கடைசியில். இந்த வரிசையைத் தாண்டிக் குதிக்காதீர்கள். முதல் சில படிகளிலேயே பெரும்பாலான வண்டிகளின் குறை பிடிபட்டுவிடும்.

1. சிவப்பு விளக்கோ நீராவியோ வந்துவிட்டால்

சோதனை எல்லாம் அப்புறம். முதலில் ஏ.சி.யை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், காற்றை முழு வேகத்தில் வையுங்கள். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தைக் கேபினுக்குள் இழுத்துக்கொள்ளும். மே மாதத்தில் அது கொடுமையாக இருக்கும், பரவாயில்லை. ஓரம் கிடைத்ததும் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே, வீட்டுக்கே போயிடலாம்" என்று ஓட்டிய வண்டிகளில்தான் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதிக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) போகிறது.

ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடவே கூடாது. உள்ளே இருக்கும் கூலன்ட் அழுத்தத்தில் இருப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்ததும் அழுத்தம் விட்டுப்போய், அதே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். ஈரத்துணி போட்டுத் திறக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மூடியைத் திறக்கும் முன், மேல் ஹோஸை (இன்ஜினிலிருந்து ரேடியேட்டரின் மேல்பக்கம் வரும் தடித்த ரப்பர் குழாய்) கையால் அழுத்தினால் மெத்தென்று அமுங்க வேண்டும், வெறும் கையால் பிடித்துக்கொண்டே இருக்கும்படி ஆறியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தது முக்கால் மணி நேரமாவது ஆகும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கார் கணினியில் பதிவாகும் எண்களைப் போனுக்கு அனுப்பும் ஓ.பி.டி. ப்ளூடூத் அடாப்டர் ஒன்று, போனில் அதற்கான செயலி. 2013-க்குப் பிறகு வந்த கார்களில் பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே இதற்கான சாக்கெட் இருக்கும். அப்புறம் தூரத்திலிருந்து சூடு அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி, நல்ல டார்ச், உங்கள் காருடன் வந்த கையேடு, ஒரு நோட்டு, பேனா.

கூலன்ட் வாங்குவதானால் கையேட்டில் சொன்ன வகையையே வாங்குங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ கடைக்காரர் "பச்சை வேணுமா, ரோஸ் வேணுமா" என்று கேட்பார். நிறத்தை நம்பக் கூடாது. ஒரே நிறத்தில் வேறு வேறு வேதிச்சேர்மானம் உள்ள கூலன்ட்கள் வருகின்றன. ஒவ்வாத இரண்டைக் கலந்தால் உள்ளே கூழ் போலத் திரண்டு குழாயை அடைக்கலாம்.

3. உண்மையிலேயே சூடா என்று எண்ணில் பாருங்கள்

டேஷ்போர்டு முள் வெப்பமானி மாதிரி வேலை செய்வதில்லை. ஓட்டுபவர் பதறக் கூடாது என்று பல கார்களில் ஏறத்தாழ 80 முதல் 105 டிகிரி வரை முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டிய பிறகுதான் அசையும். ஆக, முள் நடுவைத் தாண்டியது என்றால் ஏற்கெனவே நிறையத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பல சின்ன கார்களில் முள்ளே கிடையாது. குளிருக்கு நீல விளக்கு, கொதிக்கும்போது சிவப்பு விளக்கு, அவ்வளவுதான்.

அதனால் அடாப்டரை மாட்டி கூலன்ட் வெப்பநிலையைப் பாருங்கள். பொதுவாகப் பெட்ரோல் கார்களில் ஓடும்போது 85-க்கும் 100-க்கும் இடையில் ஏறி இறங்கும். ஃபேன் ஓடத் தொடங்கும் புள்ளி பெரும்பாலும் 95, 100-ஐ ஒட்டியே இருப்பதால் சிக்னலில் 99-ஐப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. ஃபேன் ஓடியும் 105-ஐத் தாண்டி இறங்காமல் நின்றால் காரணம் தேட வேண்டும். 110-ஐத் தொட்டால் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

சென்சாரே பொய் சொல்லலாம். தெர்மோஸ்டாட் உறைக்கு அருகே ரப்பர் ஹோஸின் மேல் துப்பாக்கியைக் காட்டி அளந்து பாருங்கள். போனில் 112, ஹோஸில் 85 என்று வந்தால் சென்சாரையும் அதன் வயரையும்தான் சந்தேகிக்க வேண்டும். பளபளக்கும் அலுமினியத்தின் மேல் அளக்காதீர்கள், எண் குறைவாகக் காட்டும். வேறு வழி இல்லையென்றால் அங்கே கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் அளக்கலாம்.

4. எப்போது சூடாகிறது என்று எழுதுங்கள்

புதிதாக இதில் இறங்குபவர்கள் எல்லாரும் தாண்டிப் போகும் படி இது. பாதிக் காரணத்தை இதுவே சொல்லிவிடும். இரண்டு நாள் ஓட்டி, எங்கே, எந்த வேகத்தில், ஏ.சி.யோடா ஏ.சி. இல்லாமலா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டும்போது எண்ணைப் பக்கத்து சீட்டில் இருப்பவர் பார்க்கட்டும்.

நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் குறை காற்றில் இருக்கிறது. மத்திய கைலாஷ் சிக்னலில் 106, பழைய மகாபலிபுரம் சாலையில் வேகமெடுத்ததும் 92 என்றால், ஓடும் வேகத்தில் வரும் காற்று ஃபேன் செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது என்று பொருள். நேராக 7-ஆம் படிக்குப் போகலாம். 5, 6 இரண்டையும் போகிற போக்கில் பார்த்துவிடுங்கள்.

நகருக்குள் சரியாக இருந்து, பெருங்களத்தூர் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் கூலன்ட் போதிய அளவு சுற்றவில்லை. ரேடியேட்டரில் உள்ளடைப்பு, பாதி திறந்து நிற்கும் தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப், இப்படி.

ஏ.சி. போட்டால் மட்டும் ஏறினால் கண்டென்சரையும் ஃபேனையும் பாருங்கள். ஏ.சி. கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அது கக்கும் சூடான காற்றுதான் ரேடியேட்டருக்குப் போகிறது.

நின்றாலும் ஓடினாலும் ஏறினால், முதலில் கூலன்ட் குறைவா என்று பார்க்க வேண்டும்.

5. கூலன்ட் அளவு

காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், சமதரையில் பாருங்கள். சூட்டில் கூலன்ட் விரிவடைவதால் ஓடி வந்த வண்டியில் அளவு உயர்ந்து தெரியும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். சில கார்களில் பிளாஸ்டிக் டேங்கே அழுத்தத்தில் இருக்கும். அதில் தெரிவதுதான் உண்மையான அளவு. மற்ற கார்களில் ரேடியேட்டர் மேலேயே உலோக மூடி இருக்கும், பிளாஸ்டிக் டேங்க் வெறும் உபரி வைக்கும் இடம். இந்த இரண்டாவது வகையில் டேங்க் நிறைந்திருந்தும் ரேடியேட்டர் பாதி காலியாக இருக்கலாம். "டேங்க்ல ஃபுல்லா இருக்கே" என்று சொல்லி ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வண்டி ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து விளிம்பு வரை இருக்கிறதா என்று பாருங்கள்.

குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு அதோடு விட்டுவிடாதீர்கள், அது எங்கோ போயிருக்கிறது. ஹோஸ் இணைப்புகளிலும் வாட்டர் பம்ப்புக்குக் கீழேயும் காய்ந்த வெள்ளை, பச்சை, ரோஸ் நிறப் படிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பக்கத்து சீட்டுக் காரர் கால் வைக்கும் இடத்தில் தரைவிரிப்பு பிசுபிசுவென்று இருந்தால் ஹீட்டருக்குள் இருக்கும் அந்தச் சின்ன ரேடியேட்டர் (ஹீட்டர் கோர்) கசிகிறது.

6. மூடி

மூடியில் அடித்திருக்கும் 0.9 அல்லது 1.1 என்ற எண் அது தாங்கும் அழுத்தம், பார் அளவில். சரிபாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 107 டிகிரியில் கொதிக்கும். ஒரு பார் அழுத்தத்தில் அது 125-ஐத் தாண்டும். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். வண்டி ஆறியதும் மேல் ஹோஸ் சப்பென்று ஒட்டிப்போயிருந்தால், மூடியில் உள்ள திரும்பு வால்வு அடைத்திருக்கிறது. மூடி விலை குறைந்த பாகம். சந்தேகம் வந்தால் அதே எண் போட்டதாக வாங்கி மாற்றிவிடுங்கள். கூடுதல் அழுத்த மூடி போட்டால் நல்லது என்று நினைக்காதீர்கள், பலவீனமான ஹோஸ் முதலில் பிய்த்துக்கொள்ளும்.

7. ஃபேன்

வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓடும்போது ஏ.சி.யைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சில நொடிகளில் ஃபேன் சுற்றத் தொடங்கும். பிறகு ஏ.சி.யை அணைத்துவிட்டு, எண் 100-ஐ நெருங்கும்போது தானாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஏ.சி.க்குச் சுற்றி, சூட்டுக்குச் சுற்றவில்லை என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது. சென்சார் அல்லது ரிலே பக்கம் போங்கள்.

ஃபேன் சுற்றுகிறது என்பதோடு திருப்தி அடையாதீர்கள். இரண்டு வேகம் உள்ள ஃபேனில் ஒரு வேகம் மட்டும் போயிருக்கும். இல்லையென்றால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்து சோம்பலாகச் சுற்றும். நான் செய்யும் சோதனை எளிது: ஒரு செய்தித்தாள் தாளை கிரில்லுக்கு முன்னால் பிடிப்பேன். நல்ல ஃபேன் என்றால் தாள் கிரில்லில் போய் ஒட்டிக்கொண்டு, கையை எடுத்தாலும் விழாது. தாள் உங்கள் பக்கமாகப் பறந்தால் மோட்டார் வயரை யாரோ மாற்றி இணைத்திருக்கிறார்கள், ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. ஒரு மோதலுக்குப் பிறகு பழுது பார்த்து வந்த வண்டியில் இதைக் கண்ணாலேயே பார்த்தேன்.

அதே மாதிரி வண்டிகளில் ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடும் காணாமல் போயிருக்கும். அந்தக் கூடு இருந்தால்தான் ரேடியேட்டரின் முழுப்பரப்பு வழியாகவும் காற்று இழுபடும். இல்லையென்றால் ஃபேன் வட்டத்துக்கு நேரே மட்டும்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் ஃபேன் மோட்டாரையும் அதன் இணைப்பையும் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். துரு மெதுவாகத்தான் வேலையைக் காட்டும்.

சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் ஃபேன் திடீரென்று சுற்றும். கை, துப்பட்டா, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எதுவும் அருகில் போகக் கூடாது.

8. காற்று வழி: கண்ணுக்குத் தெரியாத அடைப்பு

சென்னையில் அதிகம் தவறவிடப்படுவது இதுதான் என்பேன்.

சில வருடங்களுக்கு முன் என் காரில் ஏ.சி. போட்டு கத்திப்பாராவில் நின்றால் 106, 107 என்று ஏறியது. ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட், பிறகு வாட்டர் பம்ப், பிறகு ஃபேன் மோட்டார் என்று மூன்றையும் மாற்றினார்கள். எதுவும் மாறவில்லை. முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றி, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் ஒரு விரல் அகல இடுக்கில் டார்ச்சை இறக்கிப் பார்த்தேன். ரேடியேட்டரின் முகமே தெரியவில்லை. பழுப்பு நிறத்தில் கம்பளி போல ஒரு படலம். நகத்தால் நெம்பியதும் ஓரம் சுருண்டு தாளாக உரிந்து வந்தது. சாலைத் தூசி, ஈசல் இறக்கை, எங்கள் தெருவில் நான் வண்டி நிறுத்தும் வேப்பமரத்தின் பூ, எல்லாம் சேர்ந்து அழுந்தி ஒட்டியிருந்தன. கழுவிய பிறகு அதே கத்திப்பாராவில், அதே ஏ.சி.யோடு 97.

கழுவும் முறை: வண்டி முழுக்க ஆறியிருக்க வேண்டும். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீரை அடியுங்கள். அழுக்கு வந்த வழியாகவே அதைத் திருப்பித் தள்ள வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் இன்னும் ஆழமாகப் போய் அடைத்துக்கொள்ளும். தோட்டத்துக் குழாய் வேகம் போதும். வாட்டர் சர்வீஸ் கடையின் அழுத்தத் துப்பாக்கி பட்டால் மெல்லிய தகடுகள் மடிந்து காற்று வழி நிரந்தரமாக அடைபடும். ஃபேன் மோட்டாரின் மேலும் மின் இணைப்புகளின் மேலும் நேராக அடிக்காதீர்கள். இடுக்கில் கை போகவில்லை என்றால் ரேடியேட்டரைத் தாங்கும் மேல் போல்ட்களைத் தளர்த்திச் சற்றுச் சாய்த்தால் இடம் கிடைக்கும். கண்டென்சர் குழாயை மட்டும் தொடாதீர்கள், ஏ.சி. வாயு போய்விடும்.

திருவான்மியூர், பாலவாக்கம், ஈ.சி.ஆர். பக்கம் வெளியில் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்று தகடுகளை அரித்துவிடும். விரலால் தொட்டால் தகடு பொடியாக உதிர்ந்தால் கழுவிப் பயனில்லை, ரேடியேட்டரை மாற்ற வேண்டியதுதான்.

9. தெர்மோஸ்டாட்: சோதியுங்கள், கழற்றி எறியாதீர்கள்

ஆறிய வண்டியை நிறுத்தியபடியே இன்ஜினை ஓடவிட்டு, எண் ஏற ஏற ரேடியேட்டரின் மேல், கீழ் ஹோஸ்கள் இரண்டையும் துப்பாக்கியால் அளந்துகொண்டே இருங்கள். முதலில் இன்ஜினிலிருந்து வருவது சூடாகும், ரேடியேட்டருக்கு அப்பாலுள்ளது குளிர்ந்தே இருக்கும். 82 முதல் 88 டிகிரி வாக்கில் தெர்மோஸ்டாட் திறந்ததும் மற்றதும் சூடேறும். எண் 100-ஐத் தாண்டியும் கீழ் ஹோஸ் குளிர்ந்தே கிடந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, இல்லையென்றால் கூலன்ட் சுற்றவில்லை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருந்தால் கூலன்ட் ஓடுகிறது, ஆனால் ரேடியேட்டர் சூட்டை வெளியே விடவில்லை. 7, 8-ஆம் படிகளுக்குத் திரும்புங்கள்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டைச் சமையலறையிலேயே சோதிக்கலாம். ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர், உள்ளே வெப்பமானி, நூலில் கட்டித் தொங்கவிட்ட தெர்மோஸ்டாட். அடியைத் தொடக் கூடாது, அடிச்சூடு தவறான முடிவைத் தரும். அதன் மேல் பொறித்த எண்ணை ஒட்டித் திறக்க ஆரம்பித்து, பத்துப் பதினைந்து டிகிரிக்குள் முழுதாகத் திறக்க வேண்டும்.

"நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார், கழட்டிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் வேலை செய்யும் சூட்டுக்கு வரவே நேரமெடுக்கும். கணினி இன்ஜின் குளிர்ந்திருப்பதாக நினைத்துக் கூடுதல் பெட்ரோலைத் தள்ளும், மைலேஜ் விழும், தேய்மானம் கூடும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதே நேரத்தில் குறுக்குவழிக் குழாயை மூடும். அதை எடுத்துவிட்டால் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியிலேயே சுற்றி, நெடுஞ்சாலையில் இன்னும் சூடாகும்.

10. உள்ளடைப்பும் வாட்டர் பம்ப்பும்

இன்ஜின் பக்கத்திலிருந்து ரேடியேட்டரின் பரப்பில் துப்பாக்கியை ஓட்டிப் பாருங்கள். சூடு சீராகக் குறைந்துகொண்டே போக வேண்டும். நடுவில் திட்டாகக் குளிர்ந்த இடம் இருந்தால் அங்கே குழாய் அடைத்திருக்கிறது.

இதற்குக் காரணம் பெரும்பாலும் கூலன்டோடு ஊற்றிய போர்வெல் தண்ணீர். வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் உள்ளே படியும் வெள்ளை உப்பை நினைத்துப் பாருங்கள், அதேதான் இன்ஜினுக்குள்ளும் படியும். லாரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ இதற்கு மாற்று கிடையாது. பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான்.

வாட்டர் பம்ப்பில் கசிவுத் துளைக்குக் கீழே கறை, ஓடும்போது உரசல் சத்தம், பெல்ட் தளர்ச்சி ஆகியவற்றைப் பாருங்கள். பம்ப் டைமிங் பெல்ட்டால் (வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பல் வைத்த பெல்ட்) ஓடும் வண்டி என்றால் இதை நீங்களே கழற்ற வேண்டாம். ஒரு பல் தவறினால் சில இன்ஜின்களில் வால்வு வளைந்துவிடும்.

11. ஹெட் கேஸ்கட்

மேலே எதுவும் பிடிபடவில்லை என்றால்தான் இங்கே வர வேண்டும். குளிர்ந்த இன்ஜினை ஓட்டி இரண்டு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, டேங்கில் விடாமல் குமிழி வருவது, கசிவே தெரியாமல் கூலன்ட் குறைவது, இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை விடாமல் வருவது ஆகியவை அடையாளங்கள். ஆயில் மூடிக்கு அடியில் காபி நிறக் குழைவு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. மழைக்காலத்தில் பக்கத்துத் தெரு வரை மட்டும் ஓடும் வண்டியில் மூடியில் மெல்லிய படலம் ஈரத்தாலும் வரும். ஆயில் குச்சியிலும் அதே நிறம் இருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்யுங்கள்.

உறுதியாகச் சொல்ல ஒரு வாயுச் சோதனை உண்டு. டேங்க் வாயில் வைக்கும் குழாயில் நீலத் திரவம் இருக்கும். பெட்ரோல் இன்ஜினில் எரிந்த வாயு கூலன்டில் கலந்திருந்தால் அது மஞ்சளாகும். இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

12. கூலன்ட் மாற்றுவதும் காற்றை வெளியேற்றுவதும்

எந்தப் பாகத்தை மாற்றினாலும் கடைசியில் இந்த வேலை வரும். இதைச் சரியாகச் செய்யாததால் "புதுசு மாத்தியும் சூடாகுது" என்று புலம்புபவர்கள் ஏராளம்.

டப்பாவில் நேரடியாக ஊற்றலாம் என்று போட்டிருந்தால் தண்ணீர் சேர்க்காதீர்கள். அடர் கூலன்ட் என்றால் சொன்ன விகிதத்தில் டிஸ்டில்டு வாட்டர் கலந்தே ஆக வேண்டும். "கெட்டியா ஊத்தினா நல்லா குளிரும்" என்பது தவறு. அடர் கூலன்டில் இருக்கும் கிளைகால் என்ற வேதிப்பொருள் தண்ணீரைவிடச் சூட்டைக் குறைவாகத்தான் சுமக்கும்.

வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். பேஸ்மென்ட் சரிவின் மேல் முனை வசதியாக இருக்கும். பேஸ்மென்ட்டுக்குள்ளேயே இன்ஜினை ஓடவிடாதீர்கள், புகை ஆபத்து. சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுங்கள். ஹீட்டர் குமிழைச் சூட்டில் வைத்து மெதுவாக ஊற்றுங்கள். மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டால் சிக்கிய காற்று குமிழியாக மேலே வரும். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் திறந்து, கூலன்ட் மட்டும் வரும் வரை விடுங்கள். பிறகு மூடியை மாட்டி, ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும் வரை இன்ஜினை ஓடவிட்டு, முழுக்க ஆறவிட்டு, குறைந்ததை நிரப்புங்கள்.

வடித்த பழைய கூலன்டைத் தெருவில் விடாதீர்கள். அது இனிக்கும், தெரு நாயும் பூனையும் நக்கிக் குடிக்கும், கொஞ்சம் குடித்தாலும் சிறுநீரகம் கெட்டுச் செத்துவிடும். மூடி போட்ட கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுங்கள்.

13. சோதனை ஓட்டம்

4-ஆம் படியில் எந்தச் சாலையில், எந்த நேரத்தில் எண் ஏறியதோ, அதே சாலையில் அதே நேரத்தில் ஓட்டுங்கள். மாலைக் குளிர்ச்சியில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று சொல்லக் கூடாது. ஏ.சி. போட்டு மதியம் இரண்டு மணிக்குப் போய்வந்து, நிறுத்திய பிறகு பதினைந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு, ஃபேன் சுற்றும்போது எண் இறங்குகிறதா என்று பாருங்கள். வண்டியை விட்டு இறங்கும்போது நான்கு சக்கரங்களுக்கும் அருகே துப்பாக்கியைக் காட்டுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகவும் சூடாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, இன்ஜின் வீணாக இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் காலையில் டேங்கில் அளவுக்கோட்டைப் பாருங்கள், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. இரண்டு முறையும் அதே கோட்டில் இருந்தால் பானெட்டை மூடிவிடலாம்.